அம்மம்மா வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

2024 மார்ச் 2, இரவு 9.10 (கேள்வி)

எனக்கும் கணவருக்கும் தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம். மகனுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தைக் குழப்ப வேண்டாம் என்று தெஹிவளையில் என் அம்மா, அப்பாவோடு விட்டுப்போக யோசிக்கிறோம். மே மாதம் பயணம். "அம்மம்மா வீட்டில வளருற பிள்ளை செல்லத்தில கெட்டுப்போகும், பிறகு உன்னைத் தாய் எண்டே எண்ணாது" என்று மாமி சொல்கிறார். அப்படி வளர்ந்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.35

நான் வளர்ந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில். 1996 ஜனவரியில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது தொடங்கியிருந்தது. அம்மா வன்னியில் மல்லாவிப் பக்கம் ஆசிரியை, அப்பாவுக்கும் வேலை அங்கேதான். எனக்கும் இரண்டு வருடம் என்றுதான் சொன்னார்கள். ஆறரை வருடம் ஆனது.

நான் கெட்டுப்போகவில்லை. அழுததாகவும் நினைவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

லேன் முடிகிற இடத்தில் தண்டவாளம். அதற்கப்பால் பாறைகள், பிறகு கடல். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரியில் மூக்குப்பேணிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். உப்புக்காற்றில் யன்னல் கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். வருடத்துக்கு ஒருமுறை தாத்தா அதைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ற் அடிப்பார். அந்த மணம் வந்தால் பொங்கல் கிட்டுகிறது என்று அர்த்தம். இன்றைக்கும் எந்தக் கடையிலாவது பெயின்ற் மணம் வந்தால் எனக்கு முந்திரிகை வற்றல் போட்ட சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வந்துவிடும்.

மார்ச் 3, காலை 6.50

செல்லம் என்கிற சொல்லைப் பற்றி இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே கிடைத்தது செல்லத்தை விட வேலைதான். சம்பலுக்குத் தேங்காய் துருவுவது, இடியப்ப உரலில் மா நிரப்பிக் கொடுப்பது, மாலையில் விளக்குக்குத் திரி திரிப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை ராமகிருஷ்ண மிஷனில் சமய வகுப்பு, அது தவறவே கூடாது. துருவும்போது தேங்காய்ப்பூவில் கொஞ்சம் வாய்க்குள் போகும். அம்மம்மா கண்டும் காணாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். செல்லம் என்றால் அவ்வளவுதான்.

தாத்தா ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். சேவையில் பெரும்பகுதி வடக்குப் பாதையில், அதிலும் பல வருடம் மாங்குளத்தில். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது என்பதற்காக 'டெப்ளட்' என்று ஒரு முறை இருந்தது. ஒரு ஸ்டேசனுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓட ஒரு வட்டத் தகடு வேண்டும். கருவியிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே எடுக்கலாம். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தில் கோத்து ட்ரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ரயில் அசையாது.

எங்கள் குசினிக்குப் போகிற நடை மிக ஒடுக்கம். ஒருநாள் நான் ஓடிப்போய், சொதிச் சட்டியோடு வந்த அம்மம்மாவில் மோதிவிட்டேன். என் தோளிலும் அவர் கையிலும் கொதிசொதி. அடுத்த நாள் தாத்தா அம்மம்மாவின் தையல் வளையம் ஒன்றை எடுத்து நடை வாசலில் ஆணியில் மாட்டினார். "இதுதான் டெப்ளட். இது ஆற்ற கையில இருக்கோ அவைதான் உள்ளுக்குப் போகலாம்." அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் அப்படித்தான் நடந்தோம். அம்மம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை, டெப்ளட் எங்க?" என்று குரல் கொடுப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் கையிலும் வளையத்தைக் கொடுத்துத்தான் தண்ணீர் குடிக்க அனுப்புவோம்.

மார்ச் 5, மாலை 6.20

கேள்வி கேட்டவர், ஏழு வயதுப் பிள்ளைக்கு நேரம் எப்படிப் போகும், எத்தனை நாள் என்று எப்படி எண்ணும் என்று கேட்டிருக்கிறார். நேரம் என்றதும் எங்கள் வீட்டு மணிக்கூடு ஞாபகம் வந்தது.

சாவி கொடுக்கிற ஊசல் மணிக்கூடு. தாத்தா ஓய்வுபெற்றபோது கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. 1996 இல் மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே மாதக் கடைசியில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். எல்லோரும் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். தாத்தா திருப்பவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றினார், சுவரில் இருந்ததைத் தொடவில்லை.

யாராவது கேட்டால், "பஞ்சாங்கம் பழைய நேரத்தில எல்லோ இருக்கு. ராகு காலம் பார்க்க வேணும்" என்பார். ஆக, எங்கள் வீட்டில் பழைய நேரம், புது நேரம் என்று இரண்டு. நான் பள்ளிக்கூடம் போகிற ஆறரை வருடமும் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக் கூட்டித்தான் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 5, இரவு 8.05

பிழை திருத்தம். ஒரு மணித்தியாலம் சில மாதந்தான். அந்த வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் வரைக்கும் வித்தியாசம் அரை மணித்தியாலம். நான் கூட்டியதும் அரைதான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை, ஏனென்றால் ஒலி அப்படியே காதில் நிற்கிறது: வானொலியில் எட்டு மணிச் செய்தி தொடங்கும்போது எங்கள் சுவரில் ஏழரைக்கு ஒரேயொரு 'டங்'.

மார்ச் 10, பகல் 1.15

சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னவருக்கு. ஒன்றே ஒன்று எழுதுகிறேன், மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

ஆடிப்பிறப்பு. ஆடி முதலாம் தேதிக்குக் கூழும் கொழுக்கட்டையும். அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சின்னச் சின்னத் தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி. சீனி போட்டால் அது கூழ் இல்லை என்பது அம்மம்மாவின் கட்சி. பனங்கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியாத காலம் அது. யாராவது எப்படியோ கொண்டுவந்து, வெள்ளவத்தைச் சந்தையடிக் கடையில் ஒரு குட்டான் கிடைக்கும். ஓலையோடு வாங்கி, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே ஒளித்துவைப்பார். எறும்புக்குப் பயந்து என்று சொன்னார், எனக்குப் பயந்து என்றுதான் நினைக்கிறேன். ஆடி முதலாம் தேதி அவர் உடுத்த சேலையில் பனங்கட்டி வாசம் வரும்.

கூழைக் கோப்பையில் குடிக்க விடமாட்டார். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில்தான். பலாமரம் பக்கத்து வீட்டில். அங்கிருந்த சிங்கள அன்ரி, ஜூலை நடுவில் நாங்கள் கேட்காமலே மதிலுக்கு மேலால் ஒரு கொப்பை முறித்துத் தருவார். அவருக்கு ஒரு கிண்ணம் கூழ் போகும். ஏப்ரலில் அதே மதிலுக்கு மேலால் கொக்கிஸ் வரும்.

மார்ச் 17, இரவு 10.40

இன்றைய தேதியைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. நான் கொழும்புக்கு வந்து இரண்டு மாதந்தான். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டால் வென்றோம். தாத்தா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சாய்மனைக் கதிரையின் கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

வெற்றி ஓட்டம் வந்த அடுத்த நிமிடம் காலி வீதி முழுக்க வெடிச்சத்தம். மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து ஏழு கிழமைகூட ஆகவில்லை. அம்மம்மா குசினியில் இருந்தார், ஆட்டம் பார்க்கவில்லை. ஓடிவந்து என்னைப் பிடித்திழுத்து மேசைக்குக் கீழே தள்ளி, தானும் என்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். அந்த ஓட்டத்தில் வளையத்தை எடுக்கவில்லை. அவர் டெப்ளட் இல்லாமல் நடையைத் தாண்டியது அது ஒரு தரந்தான். தாத்தா குனிந்து, "இஞ்சரும், நாங்கள் வெண்டிட்டம். பட்டாசு, வெறும் பட்டாசு" என்கிறார். அம்மம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழும்பினார். எழும்பி, என் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "அப்ப ஆருக்காவது தேத்தண்ணி வேணுமோ" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலையில் அன்ரி வீட்டிலிருந்து மதிலுக்கு மேலால் பாற்சோறு வந்தது.

மார்ச் 18, காலை 5.30

நேற்று எழுதியதை வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. முதல்நாள் எழுதியதில் 'அழுததாக நினைவில்லை' என்று இருக்கிறது. அது சரியில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் கேற்றடிக்கு ஓடுவேன். வன்னிக் கடிதம் மாதக்கணக்கில் சுணங்கித்தான் வரும், வந்தால் இரண்டு மூன்று சேர்ந்து வரும். வராத நாட்களில் திரும்பி வந்து, மின்சாரக் கட்டண உறையை மேசையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுவேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதும் உண்மை, இதுவும் உண்மை. உங்கள் மகனிடம் இரண்டையும் எதிர்பாருங்கள்.

மார்ச் 20, இரவு 9.00

மாமி சொன்னதன் இரண்டாம் பாதிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. 'தாய் என்றே எண்ணாது' என்பதற்கு.

நான் கொழும்புக்கு வந்த வருடம், காய்ச்சலில் கிடந்தபோது அம்மம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமல், மெதுவாக, "நான் அம்மம்மா. அம்மா மல்லாவியில இருக்கிறா" என்றார். பிறகும் இரண்டு மூன்று தரம் நாக்குத் தவறியது. ஒவ்வொரு தரமும் திருத்தினார், ஒருபோதும் கோபமாக இல்லை. அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்வது அவருக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! பக்கத்தில் இருப்பவர் அவர், தலைவாரி விடுபவர் அவர். ஆனாலும் அது இன்னொருவருடைய இடம் என்று அதை வெறுமையாகவே வைத்திருந்தார். இப்போது என் பிள்ளையை என் அம்மா தூக்கிவைத்திருக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் இதை ஒருதரம் கதைத்துவையுங்கள். அவர் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருப்பார்.

மார்ச் 24, பகல் 11.20

பஞ்சாங்கத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தது நியாயமான கேள்வி. பஞ்சாங்க நேரத்தோடு அரை மணித்தியாலத்தைக் கூட்டினால் போதுமே, அதற்காக ஒரு ஸ்டேசன் மாஸ்டர் பத்து வருடம் மணிக்கூட்டைப் பிழையாக ஓடவிடுவாரா என்று கேட்டிருந்தார். எனக்கும் உறைத்தது. கைக்கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தினாலே வானொலியை வைத்துச் சரிபார்க்கிற மனிதர் அவர். சத்தத்தைக் கேட்டே எந்த ரயில், எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லுவார்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்கட நேரம் பிள்ளை" என்றார்.

வன்னியில் நேரத்தை மாற்றவே இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் கடைசிவரை பழைய நேரந்தான். அம்மாவின் பள்ளிக்கூட மணியும் அந்த நேரத்தில்தான் அடித்தது. வெள்ளவத்தைச் சுவரில் ஓடியது மல்லாவி நேரம். இதைத் தாத்தா ஒரு கடிதத்தில் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்: பிள்ளை கேட்டால் பஞ்சாங்கம் என்று சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் நாள் முழுக்க மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று. கடிதம் அம்மாவிடம் இல்லை, 2009 இல் எல்லாவற்றோடும் போய்விட்டது. வாசகம் மட்டும் அம்மாவுக்குப் பாடம்.

இப்போது ஒவ்வொன்றாகப் பொருந்துகிறது. மத்தியானம் நான் சாப்பிட உட்காரும்போது தாத்தா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "உங்கட அம்மா இப்ப கடைசிப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பா" என்பார். இரவு படுக்கும்போது, "அப்பா இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சிருப்பார்." சும்மா ஒரு குத்துமதிப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 24, மாலை 4.45

இன்னும் ஒன்று. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. ஓகஸ்ட் விடுமுறைக்கு மூன்று பேரும் வானில் போனோம். ஓமந்தையில் இராணுவச் சோதனைக்கு நீண்ட வரிசை, பிறகு புளியங்குளத்தில் புலிகளின் சோதனை. அங்கே இறங்கி நின்றபோது தாத்தா கைக்கடிகாரத்தின் திருகாணியை இழுத்து அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். "இப்ப ரெண்டும் ஒரு நேரம்" என்றார். வீட்டில் விட்டுவந்த மணிக்கூட்டைச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாங்குளத்தில் வானை நிறுத்தச் சொன்னார். வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் ரயில் நின்றது, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேசன் இருந்த இடத்தில் பற்றை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தெற்குப் பக்கம் பார்த்து நின்றார், யாழ்தேவி வருமுன் நிற்கிற மாதிரி. வானுக்குத் திரும்பி வந்து அம்மம்மாவிடம் தண்ணீர் கேட்டார்.

மல்லாவியில் அம்மா வாசலில் நின்றார். நான் கட்டிப்பிடிப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் "வாங்கோ" என்றேன். அவருடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவரை வரவேற்றேன்! முதல் மூன்று நாளும் அம்மா ஏதும் கேட்டால் எழும்பி நின்றுதான் பதில் சொன்னேன், வகுப்பில் மாதிரி. நான்காம் நாள் இரவு மின்சாரம் இல்லாத வீட்டில் அரிக்கன் லாம்புக்குப் பக்கத்தில் அம்மா என் தலையை வார எடுத்தார். வகிடு பிழையாகப் போனது. அம்மம்மா அப்படிப் பிரிக்கமாட்டார் என்று சொல்லிக்கொண்டே அவர் மடியில் படுத்துவிட்டேன்.

இதை எழுதுவது உங்களைப் பயமுறுத்த இல்லை. இரண்டு வருடம் கழித்து நீங்கள் வந்து இறங்கும்போது மகன் கூச்சப்பட்டு அம்மம்மாவின் பின்னால் போய் ஒளிந்தால், மாமி சொன்னது பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நாள் கொடுங்கள்.

ஏப்ரல் 14, இரவு 8.30

எல்லோருக்கும் புதுவருட வாழ்த்து. கைவிசேடம் கொடுத்து, வந்தவர்களை அனுப்பிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

தாத்தா 2005 இல் போய்விட்டார். அடுத்த வருடம் சித்திரை வருடப் பிறப்போடு நாட்டின் நேரத்தைப் பழையபடி ஆக்கினார்கள். லேனில் எல்லா வீட்டிலும் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். அம்மம்மா திருப்பத் தேவை இருக்கவில்லை. சாவி மட்டும் கொடுத்தார். அன்றைக்கு வானொலியில் எட்டு மணிச் செய்தியும் எங்கள் சுவரில் எட்டு அடிப்பதும் ஒன்றாக வந்தது. நான் ஓடிவந்து சொன்னேன். அம்மம்மா, "அவருக்குத் தெரியும்" என்றார்.

கேள்வி கேட்டவருக்கு. தோஹா கொழும்பை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். உங்களுக்குக் கைத்தொலைபேசியும் வீடியோவும் இருக்கிறது, எங்களுக்கு இருக்கவில்லை. ஆனாலும் ஒரு சின்ன மணிக்கூடு வாங்கி அந்த நேரத்துக்கு வைத்து உங்கள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எதற்கு என்பதை மகனிடமே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். தாத்தா மறைத்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது, கடிதம் எப்போது வரும் என்றே தெரியாத காலம் அது. உங்கள் மகன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உடனே உங்களைக் கூப்பிடலாம்.

ஏப்ரல் 15, காலை 7.10

மறந்துவிட்டேன். பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மிக உயரத்தில் இருந்தது. சாவி கொடுக்க என்னைத் தாத்தா தூக்கிப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலும் தூக்கினார், முழங்கால் வலியோடு. ஒவ்வொரு ஞாயிறும், சமய வகுப்புக்குப் போகுமுன்.